துருக்கிக்குப் போன மழை

கடலாடிக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிற்றூரின் ஐப்பசி மழை, ஒரு புதன்கிழமை மத்தியானம், முருகலட்சுமியின் கைபேசி வழியாகத் துருக்கிக்குப் போய்விட்டது. போகிற அவசரத்தில் பூனைகளையும் நாய்களையும் மட்டும் இங்கேயே விட்டுவிட்டது. பூனைகள் பெரும்பாலும் சாம்பல் நிறம். நாய்களுக்குக் காது தொங்கலாக இருந்தது. எல்லாமே மேலேயிருந்து மெள்ள மெள்ள இறங்கின. ஓட்டு வீடுகளில் ஒரு ஓடுகூட உடையவில்லை என்பதால் அன்றைக்கு யாரும் புகார் சொல்லவில்லை.

முருகலட்சுமிக்குத் துருக்கி மொழி வந்தது பெரிய கதையெல்லாம் இல்லை. இராமநாதபுரத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவள். கல்யாணமாகி மஞ்சள் கயிறு வெளுப்பதற்குள் புருஷன் தர்மராஜ் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டான். குண்டு மிளகாய்க் காட்டுக்குக் காவல் இருக்கிறவளுக்குப் பொழுது போக வேண்டுமே. கைபேசியில் துருக்கி சீரியல் பார்த்தாள். பார்த்துப் பார்த்து, சில வருஷங்களில் கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை விரலால் மறைத்துவிட்டு அழவும் சிரிக்கவும் தேறிவிட்டாள். அதன்பின் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் தயாரிக்கும் இஸ்தான்புல் கம்பெனி ஒன்றில் நெர்மின் என்கிற அம்மாள் இவளைப் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலக்காரர்கள் பேச்சுவாக்கில் சொல்கிற மரபுத்தொடர்களைத் துருக்கிக்கு மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த வருஷம் ஆடியில் தர்மராஜும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். "இனி எங்கிட்டும் போகல லட்சுமி, இந்த மண்ணக் கிண்டியே பொழைச்சுக்கிருவோம்" என்றான். அவள் அடுப்படிக்குள் போய் ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு வந்து அவனுக்குச் சோறு போட்டாள்.

அவள் மாற்றும் தொடரில் உள்ள அர்த்தம் துருக்கிக்குப் போய்விடும், சாமான் இங்கே தங்கிவிடும் என்பது முதல் வாரமே ஊருக்குத் தெரிந்த சங்கதி. நாம் மண்டையைப் போட்டார் என்று சொல்வதை ஆங்கிலக்காரர்கள் வாளியை உதைத்தார் என்பார்கள். துருக்கிக்காரர்கள் லாடத்தை மேலே தூக்கிவிட்டார் என்பார்கள். அதை அவள் அனுப்பிய அன்று முற்றத்தில் ஒரு தகர வாளி கிடந்தது. அதே நேரம், இன்றோ நாளையோ என்று கிடந்த ஊர்ப் பெரியவர் வேல்சாமி எழுந்து உட்கார்ந்து சீனி கூடுதலாகப் போட்டு டீ கேட்டார். சுலபமான காரியத்தை ஆங்கிலத்தில் கேக் துண்டு என்பார்கள். அதை அனுப்பியபோது அம்மிமேல் கேக் இருந்தது, பிள்ளைகள் தின்றார்கள். ஆனால் ஒரு வாரத்துக்கு ஊரில் அடுப்புப் பற்றவைப்பதே பெரும்பாடாகப் போயிற்று. இதெல்லாம் தெரிந்தவள் மழை விஷயத்தில் எப்படிக் கோட்டை விட்டாள் என்றால், சந்தோஷத்தில்தான். மிளகாய் முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது, மேகம் கருக்கட்டி ஊருக்கு மேலே நின்றது, தர்மராஜ் வரப்பில் நின்று வாயெல்லாம் பல்லாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழைதான் வந்துவிட்டதே, மழைத் தொடரையே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டாள். பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்ற ஆங்கிலத்தை, கிளாஸைக் கவிழ்த்ததுபோலக் கொட்டுகிறது என்று துருக்கியில் எழுதி அனுப்பினாள். மேகம் அப்படியே வடமேற்கே திரும்பிப் போயிற்று.

புதுமடத்திலிருந்து பைக்கில் மீன் கொண்டுவரும் பாக்கர்தான் மறுநாள் முதல் செய்தி சொன்னார். "கடல்ல இருந்து கிளம்புற மேகம் ஒண்ணுகூட இங்கன நிக்கலத்தா. எல்லாம் கடைசி பஸ்ஸப் பிடிக்கப் போறது மாதிரி ஓடுது." புதிதாக இறங்கிய பூனைகள் மீன்கூடையைச் சுற்றி வளைத்துக்கொண்டதால் அவர் அதிகம் பேசவில்லை. நெர்மின் அம்மாள் எழுதினாள்: இங்கே அடைமழை, தெருவெல்லாம் ஆறு, உன் மொழிபெயர்ப்பு பிரமாதம்.

கார்த்திகை பிறந்தது. மிளகாய்ச் செடி பகலில் வாடி, வெயில் தாழ நிமிர்ந்து, பிறகு நிமிர்வதையும் விட்டுவிட்டது. ஊர் ஊருணிக்கரையில் கூடியது. நாய்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்டன. யாரும் அவளை ஏசவில்லை. பக்கத்துக் காட்டுக்காரி பூங்கோதை மட்டும், "ஏத்தா, அனுப்புன கையாலயே திருப்பி வாங்கிரு. வெதைச்சுப்புட்டு வெறுங்கையா நிக்க முடியுமா?" என்றாள். அன்று சாயங்காலம் தர்மராஜ் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். பட்டறையில் மறுபடி கூப்பிடுகிறார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். பெய்தால் இருப்பான், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கிளம்புவான். தனியாகக் கிடந்த அத்தனை வருஷமும் திரும்ப வந்து வாசலில் நிற்பதுபோல அவளுக்கு இருந்தது. மழையை அனுப்பியதும் அவளே, அவனை அனுப்பப்போவதும் அவளே.

துருக்கியிலிருந்து தமிழுக்கு மாற்றினால் மழை திரும்பிவிடும், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. சரியான தமிழும் கைவசம் இருந்தது: பேய்மழை. ஆனால் குண்டு மிளகாய் வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். பேய்மழையில் ஊரே மிதக்கும், அவனும் போய்விடுவான். எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தவள் கடைசியில் வெளியே வந்தாள்.

"ஏங்க, நம்ம காட்டுக்கு எம்புட்டு மழை வேணும்?"

அவன் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். "இப்பக் கேளு! ரெண்டு உழவு மழை பேஞ்சாப் போதும். அதுக்கு மேல ஒரு சொட்டும் வேணாம்."

உழவு மழை என்பது அங்கே அளவு. ஏர் ஓட்டும் ஆழத்துக்கு மண் நனைந்தால் ஒரு உழவு. கிளாஸைக் கவிழ்த்ததுபோலக் கொட்டுவதை இரண்டு உழவு மழை என்று எழுதினால் அது அப்பட்டமான பிழை. அதுவரை ஒரு சொல்லைக்கூட அவள் தப்பாக மாற்றியதில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதியதை வழக்கம்போல, ஆங்கிலத்தில் பொருளும் போட்டு நெர்மினுக்கு அனுப்பிவைத்தாள். மொழிபெயர்ப்பு தப்பு, வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று உடனே பதில் வந்தது.

வியாழக்கிழமை காலை மழை திரும்பியது. தூரத்துப் பயணம் என்பதால் களைத்துப்போய், சத்தமில்லாமல், லேசான துருக்கித் தேயிலை வாசத்தோடு பெய்தது. தர்மராஜ் சட்டைகூடப் போடாமல் காட்டுக்கு ஓடினான், முருகலட்சுமி பின்னால் ஓடினாள். அவன் மண்வெட்டியால் கொத்திக் கொத்தி ஈரத்தின் ஆழம் பார்த்தான். ஒரு உழவு. அப்புறம் இரண்டு. மழை நின்றது. மிச்சம் துருக்கியிலேயே இருந்துவிட்டது.

சேற்றுக் கையோடு அவன் அவள் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தான். செடிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளை இடித்து, "இப்ப எனக்கு மனசு எப்பிடி இருக்கு தெரியுமா! குளுகுளுன்னு இருக்கு லட்சுமி. இத உங்க துருக்கியில எப்பிடிச் சொல்வாக?" என்றான்.

அவளுக்கு அந்தச் சொல் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சட்டென்று இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத மட்டும் கேக்காதீக" என்றாள்.