உதடு அசையக் கூடாத காட்சி

வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை, இருட்டில் திரை முழுக்க அந்த ஒரு முகம், யாரோ ஒரு வடநாட்டுப் பெண், தமிழில் ஒரு சொல் தெரியாது, வசனத்துக்குப் பதிலாக ஒன் டூ த்ரீ என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள், ஏழில் விம்முகிறாள், பத்தில் உடைந்து போகிறாள், நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்று அவளுடைய ஏழுக்குள் என் போயிட்டீங்களேயை நுழைக்கிறேன், பத்துக்குள் இனிமே எனக்கு யாரு இருக்காவைத் திணிக்கிறேன், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து சிங்க் ஆயிடுச்சும்மா, ஓகே என்கிறார்கள், அவ்வளவுதான், அந்தச் சாவு முடிந்தது, அடுத்த சாவுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். இப்படி எத்தனை முகங்களுக்குள் புகுந்து புறப்பட்டிருப்பேன், டப்பிங் தியேட்டர் இருட்டிலேயே பாதி ஆயுசு போய்விட்டது, ஊரே அந்தப் பெண்ணின் அழுகைக்கு அழுதது, அழுதது நான் என்று தெரிந்தவர்கள் சாலிகிராமத்தில் நாலு தெருவுக்குள் இருப்பார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும், வருத்தம்தான், அதுவும் அம்மா விஷயத்தில் பெரிய வருத்தம். அம்மாவுக்குக் காது கேட்காது, நான் மூணாங்கிளாஸ் படித்தபோது வந்த ஒரு காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது, பேச்சு அப்படியே இருக்கிறது, அதுவும் எட்டு வீட்டுக்குக் கேட்கிற பேச்சு, மற்றவர்கள் பேசுவதை அவர்கள் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வாள், அந்தப் படத்தை டிவியில் போட்டபோது இதுக்குத்தாம்மா நான் பேசினேன் என்று காட்டினேன், அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள், இந்தப் பொண்ணு என்னடி, புருஷன் செத்துக் கிடக்கான், எண்ணிக்கிட்டிருக்கா என்றாள். உலகத்திலேயே அதைக் கண்டுபிடித்த ஒரே ரசிகை, அவளுக்கு மட்டும் நான் அந்தப் படத்தில் எங்கேயுமே இல்லை.

அதனால்தான் மதிவதனி வந்து நெய்தல் ராணி என்று ஒரு இசை நாடகம் போடறேன்க்கா, நீங்கதான் ராணி என்றபோது, என் மூஞ்சியவா மேடையேத்தப் போற, நல்லாப் பாத்தியா என்று வாய் கேட்டாலும், மனசு அதற்குள் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மா முன்னால் நின்றுவிட்டது, அம்மா, இந்தத் தடவை என் வாயிலேயே பேசப் போறேன், நீ பாக்கலாம் என்றேன், அம்மா பீரோவைத் திறந்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் உதறிப் போட்டாள், நாடகத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மதிவதனி புதுச்சேரியில் நாடகம் படித்தவள், என்னைவிட ரொம்பச் சின்னவள், அதட்டுவதில் மட்டும் பெரியவள், முதல் நாள் கல்யாண மண்டபத்து மாடியில் எங்களை வட்டமாக உட்காரவைத்து, இதுக்கு முன்னாடி என்னென்ன வேலை பண்ணீங்க, எல்லாரும் சொல்லுங்க, அந்தப் பழக்கம் எல்லாம் மேடைக்கு வேணும் என்றாள், கேட்டிருக்கவே கூடாது, பாவம், பின்னால் அந்தப் பழக்கங்களோடுதான் அவள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தேவசகாயம் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், சர்ச் பாடகர் குழுவில் காலமெல்லாம் பாடியவர், நல்ல கனத்த குரல், ஆனால் எதிரே யாராவது கையைத் தூக்கினால்தான் அந்தக் குரல் வெளியே வரும், தூக்காவிட்டால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவருக்காகவே மதிவதனி திரை ஓரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். பிரமிளா லைட் மியூசிக்காரி, திருவிழா கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றிலும் பாடியவள், எந்தப் பாடகியின் குரல் வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள், உன் குரலிலேயே பாடும்மா என்று மதிவதனி சொன்னபோது அந்தப் பிள்ளை முழித்த முழி இருக்கிறதே, அது எங்க வெச்சேன்னு தேடணும்க்கா என்றாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், நமக்குத் தெரியாத கதையா.

பிறகு அடைக்கலம் அண்ணன், புதுக்கோட்டைச் சீமை, ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், கோயில் கொடைக்கு ஒருத்தரை ஒரு ஊரிலிருந்தும் இன்னொருத்தரை இன்னொரு ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசிக் கூப்பிடுவார்கள், ஒத்திகை என்கிற பேச்சே கிடையாது, கூட நடிக்கிற ஆளை மேடையில்தான் முதன்முதலாகப் பார்ப்பது, எங்களுக்குள்ள தர்க்கம்னு ஒண்ணு உண்டு தங்கச்சி, எதிராளி பாட்டுல ஒரு கேள்வி போட்டா பதில் சொல்லாம நகரக் கூடாது, எழுதி வச்சதெல்லாம் உதவாது, அந்த நேரம் வயித்துல இருந்து வரணும் என்று சொல்லிவிட்டு, நீ என்ன வேலை பாத்த தாயி என்று என்னைக் கேட்டார், நான் டப்பிங் என்றேன், அடுத்தவுக வாய்க்குப் பேசுறதா என்று யோசித்தார், சரி, வாய் யாருதா இருந்தா என்ன, வயிறு உன்னுதுதான என்றார். அந்த மனுஷனை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று, ஒத்திகையில் ஒரு வரியை ஒரு நாள் சொன்ன மாதிரி மறுநாள் சொல்ல மாட்டார், மதிவதனி தலையில் அடித்துக்கொள்வாள், அண்ணே எழுதியிருக்கறத மட்டும் பாடுங்கண்ணே, ஆகட்டும் தாயி என்பார், மறுநாள் ஒரு புது வரி கூடியிருக்கும். போதாக்குறைக்கு மந்திரி வேஷம் என்று அவருக்கு மூக்குக்குக் கீழே ஆரம்பித்து நெஞ்சுவரை தொங்குகிற ஒரு வெள்ளைத் தாடி, ராஜபார்ட்டாக மழுமழுவென்று வாழ்ந்த மனுஷன், சொறிந்துகொண்டே இருப்பார்.

இத்தனை பேருக்கும் ஒவ்வொரு கோளாறு, எனக்கு மட்டும் இல்லாமல் இருக்குமா, இருந்தது, அது அந்தக் காட்சியில்தான் தெரிந்தது. போருக்குப் போன இளவரசன் இறந்துவிட்டான், மந்திரி வந்து அதைப் பாட்டாகச் சொல்ல வேண்டும், ராணி சிலை மாதிரி நின்று கேட்க வேண்டும், பாட்டு முடிந்த பிறகுதான் என் ஒப்பாரி, அடைக்கலம் அண்ணன் பாடுகிறார், நான் நிற்கிறேன், நன்றாகத்தான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், மதிவதனி கையைத் தட்டி நிறுத்துகிறாள், அக்கா, உங்க உதடு அசையுது, எங்கடி என்கிறேன், அவர் பாடறதை எல்லாம் நீங்களும் கூடவே வாய்க்குள்ள சொல்றீங்க, சத்தம் வரல, ஆனா பச்சையாத் தெரியுது, சேதி உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சமாதிரி இருக்குக்கா, காட்சியே போச்சு. மறுபடி நின்றேன், மறுபடி அசைந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், கடித்த பல்லோடு அசைந்தது, பிரமிளா கிராம்பு ஒன்றை வாயில் அடக்கிக்கச் சொன்னாள், கிராம்பும் சேர்ந்து அசைந்தது, டப்பிங் வியாதிம்மா, இத்தனை வருஷம் அடுத்தவள் உதட்டையே பார்த்துப் பார்த்து வந்தது, போகப் போகச் சரியாகிவிடும் என்று சிரித்துச் சமாளித்தேன், மாதம் ஒன்று போனது, சரியாகவில்லை. ஒரு நாள் மதிவதனி என்னைத் தனியாகக் கூட்டிப்போய் டீ வாங்கிக்கொடுத்தாள், அவள் டீ வாங்கிக்கொடுத்தாலே விவகாரம்தான், அக்கா கோச்சுக்காதீங்க, உங்க குரல் இல்லாம இந்த நாடகம் இல்ல, முதல் நாள் ஆட்டத்துல அசையாம நின்னுட்டீங்கன்னா கடைசிவரைக்கும் நீங்கதான் ராணி, இல்லேன்னா மறுநாள்ல இருந்து பிரமிளா ராணியா முன்னால நிக்கட்டும், நீங்க திரைக்குப் பின்னால இருந்து மைக்ல பேசுங்க, பாடுங்க, உங்களுக்குப் பழகின வேலைதானே என்றாள். பழகின வேலைதான், வீட்டுக்குப் போனால் அம்மா, எந்த வரிசைல உக்காந்தா உன் வாய் நல்லாத் தெரியும் என்று கேட்கிறாள்.

அது டப்பிங் வியாதி இல்லை என்று எனக்கு மருந்துக்கடையில்தான் தெரிந்தது, அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்காக நிற்கிறோம், கடைக்காரர் முகக்கவசம் போட்டுக்கொண்டு இது காலைல சாப்பாட்டுக்கு முன்னால, இது ராத்திரி என்று சொல்லிக்கொண்டே போகிறார், அம்மா அவரைப் பார்க்கவேயில்லை, என் வாயைப் பார்க்கிறாள், என் வாய் தன்பாட்டுக்கு, சத்தமில்லாமல், காலைல, சாப்பாட்டுக்கு முன்னால, ராத்திரி என்று அசைந்துகொண்டிருக்கிறது, அப்போதுதான் எனக்கு உறைத்தது, மூணாங்கிளாஸிலிருந்து இதுதானே என் வேலை, ரேஷன் கடைக்காரர் மீசைக்குள் முணுமுணுத்ததை, டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே சொன்னதை, கல்யாண வீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிற சித்தியை, அப்பாவைக் கிடத்தியிருந்தபோது யார் யாரோ வந்து என்னென்னவோ சொன்னதை, எல்லாவற்றையும் நான்தான் என் உதட்டில் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவளும் அதை வாங்கிக்கொண்டேயிருந்தாள், எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியாது, மூச்சு விடுவது யாருக்குத் தெரிகிறது. அதற்கு அப்புறம்தான் டப்பிங் வந்தது, வாய் பார்க்கத் தெரிந்த பெண் என்றுதான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது, நான் என்னவோ தலைகீழாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். மதிவதனியிடம் சொன்னேன், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, கலங்கிய கண்ணோடேயே, ஆனாலும் ராணி உதடு அசையக் கூடாதுக்கா என்றாள், இயக்குநர் என்றால் அப்படித்தான், அவள் சொல்வதும் நியாயம்தான், செய்தி வருமுன்பே அதைச் சொல்கிற ராணியை யார் நம்புவார்கள்.

இப்போதும் அந்த முதல் ஆட்டத்து மாலை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, எழும்பூர்ப் பக்கம் ஒரு அரங்கம், வெளியே மழை தூறிவிட்டிருக்கிறது, அம்மா அரக்குப் பட்டில் முன்வரிசையில் நடுவாக உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் கண்ணாடி போட்ட யாரோ ஒரு அம்மாள், அறிமுகமில்லை, முதல் பாட்டில் நான் வாயைத் திறந்தபோது அம்மா கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள், சாய்ந்தவள் அப்படியே இருந்தாள், நான் பாடப் பாட அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்தேன், யாருக்கும் கிடைக்காத வெளிச்சம் அது, இதற்காக இன்னும் நூறு நாள் மேடையில் நிற்பேன், பிரமிளா, உனக்கு இதைத் தர மாட்டேன்டி கண்ணு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தக் காட்சி, திரை ஓரத்தில் மதிவதனி, தன் உதட்டின் மேல் விரலை வைத்து எனக்குக் காட்டுகிறாள், அடைக்கலம் அண்ணன் தாடியோடு வருகிறார், பாட ஆரம்பிக்கிறார், கடலோரம் போர் நடந்த கதையை, நான் அசையவில்லை, உதட்டை உள்பக்கமாக மடித்துக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், பாட்டில் ஒரு அடி போனது, இரண்டு அடி போனது, நிஜமாகவே அசையவில்லை, அம்மாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். அம்மா தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த வெள்ளை மயிருக்குள் எங்கே வாய் இருக்கிறது என்று தேடினாள், சபை முழுக்க என்னவோ நடந்துகொண்டிருக்கிறது, பக்கத்து அம்மாள் கைக்குட்டையை எடுக்கிறாள், அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, பிறகு, அவளுக்கே தெரியாமல், அந்தக் கண் என் வாய்க்கு வந்தது, வந்து காத்துக்கொண்டு நின்றது, எங்கள் வாழ்க்கை முழுக்க அது அப்படித்தான் வந்து நின்றிருக்கிறது.

போனால் போகட்டும் என்று நினைத்தேன், திரைக்குப் பின்னாலேயே கிடந்துவிட்டுப் போகிறேன், எனக்கென்ன புதுசா, முன்வரிசையில் என் அம்மா முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் எந்த ஊர் ராணி, உதட்டை விட்டேன், அடைக்கலம் அண்ணன் பாடப் பாட, சூரியன் சாயற நேரம் பிள்ளை சாஞ்சான் என்று சத்தமில்லாமல் அம்மாவுக்குச் சொன்னேன், ஒரு சொல் விடாமல் சொன்னேன், ஓரத்தில் மதிவதனியின் விரல் கீழே இறங்குவது தெரிந்தது. அடைக்கலம் அண்ணன் என் வாயைப் பார்த்துவிட்டார், பாட்டை நிறுத்தினார், ஆர்மோனியக்காரர் திகைத்துப்போய் ஒற்றைச் சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தார், அண்ணன் மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்தார், எழுதாத ஒரு விருத்தத்தை எடுத்தார், சொல்ல வந்தேன் தாயே, நான் சொல்லுமுன்னே உன் உதடு சொல்லுதே, பெத்த வயித்துக்கு ஆள் வந்தா சேதி சொல்லணும், யார் சொன்னா தாயே, உனக்கு யார் வந்து சொன்னா என்று இழுத்து, கேள்வியை என் முன்னால் வைத்துவிட்டுத் தாடிக்குள் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தர்க்கம், பதில் சொல்லாமல் நகரக் கூடாது, ஐயோ பாவி மனுஷா என்று இருந்தது, எனக்கு யாராவது எழுதிக்கொடுத்துத்தானே பழக்கம், எதிரே ஒரு வாய் திறந்து மூடினால்தானே எனக்கு எவ்வளவு நீளம் பேச வேண்டும் என்று தெரியும், இங்கே எந்த வாயும் இல்லை, இருந்ததெல்லாம் என் வாய் ஒன்றுதான், அதைத்தான் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

யாரும் சொல்லல என்றேன், குரல் எனக்கே புதுசாக இருந்தது, என் பிள்ளை செத்துப்போயிட்டான், அத என் வாயாலதான் நான் சொல்லணும், வேற வாய் வேணாம். சுருதிகூட நின்றுவிட்டது, அடைக்கலம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார், ஓரத்தில் மதிவதனி தேவசகாயத்துக்காகத் தூக்க வேண்டிய கையைத் தூக்க மறந்து நிற்கிறாள், அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அந்த நிசப்தத்துக்கு நடுவில் முன்வரிசையிலிருந்து எட்டு வீட்டுக்குக் கேட்கிற ஒரு குரல் வந்தது, அம்மா, பக்கத்தில் இருந்த அந்தக் கண்ணாடிக்கார அம்மாளின் பக்கம் திரும்பி, இவ புள்ள செத்துப்போயிட்டானாம், வேற யாரும் சொல்ல வேணாம்ங்கறா, அவளே சொல்லிக்கறாளாம், எம்பொண்ணுதான் சொல்றா என்று, ஒரு சொல் விடாமல் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. என் உதடு அசையவில்லை, அம்மா சொல்லி முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.