ஆயா வண்டியில் ஏறாதவர்கள்

1

இந்தக் கதையை எழுதப்போகிறேன் என்றதும் பீயுன் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எழுதறதுன்னா எழுதிக்கோ தம்பி. என் முழங்காலை மட்டும் எழுதிடாத." ஆகவே முழங்காலுக்காகவே இதை எழுதுகிறேன். எழுதாதே என்று ஒருவர் சொல்லும் இடத்தில்தான் கதை குந்தியிருக்கும் என்பது என் அனுபவம்.

நான் வேன் ஓட்டுபவன். தைவானைச் சைக்கிளில் சுற்றும் குழுக்களின் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு, கடைசியாக வருபவரின் வேகத்தில் பின்னால் உருட்டிக்கொண்டு வருவது என் பிழைப்பு. எங்கள் ஊரில் இதற்கு ஆயா வண்டி என்று பேர். முடியாதவர்கள் ஏறிக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு மேடு தாண்ட ஏறினாலும், 'நான் தீவைச் சுற்றினேன்' என்று பிறகு வாய் திறக்க முடியாது. (திறக்கிறார்கள். பாதிப் பேர் திறக்கிறார்கள். ஆயாக்களுக்குத் தெரியும்.)

2

முதல் வரியை இப்படி எழுதியிருந்தேன்: பசிபிக் பெருங்கடல் நீலப் பட்டு விரித்தாற்போல

வேண்டாம். வாடைக்காற்று மாதத்தில் பட்டாவது பருத்தியாவது. கடல் சாம்பல் நிறத்தில், எல்லார்மேலும் கோபமாக இருந்தது. வடக்கே போனால் கடல் வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் வரும். அந்த ஆசையில்தான் எல்லாரும் இந்தத் திசையில் சுற்றுகிறார்கள். காற்று மூஞ்சியில் அறையும் என்பது ஏழாம் நாள்தான் உறைக்கிறது.

அடுத்த முயற்சி: மாவ்லின் நல்ல மனிதர்தான், ஆனால்

இதையும் அடித்துவிட்டேன். பீயுனின் கணவர் அவர்; இருவரும் என் குழுவில் மிதித்தவர்கள். அவரே பேசட்டும். ச்சாங்பின்னில் அந்த ஏழாம் நாள் காலை, ஆவியில் வெந்த பன்னை வாயில் அடைத்துக்கொண்டு சொன்னார்:

"இன்னிக்குப் பெரிய மேடு இருக்கு. பேசாம இப்பவே ஆயா மடியில ஏறி உக்காந்துக்கோ."

"உன் தொப்பையைப் பாத்து மிதி, கிழவா."

"திங்கட்கிழமை வேணும்னா நீதான் மிதிக்கணும். எனக்கென்ன?"

திங்கட்கிழமை விஷயம் இதுதான். இருவரும் ஜாங்குவாவில் காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறார்கள். இருபத்தேழு வருஷமாகப் புத்தாண்டுக்குத் தவிர கடை சாத்தியதில்லை. வாரத்தில் ஒரு நாள் சாத்தலாம் என்று பீயுன் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டார். "சாத்திட்டு என்ன பண்ணுவ?" என்றால் "தூங்குவேன்" என்பார். கடைசியில் மாவ்லின் வாடிக்கையாளர்கள் முன்னால் வாய்விட்டுவிட்டார்: ஆயா வண்டியில் ஏறாமல் தீவைச் சுற்றிக் காட்டு, திங்கட்கிழமை உனக்கு. ஏறினால் அந்தப் பேச்சே கூடாது.

(இந்த ஒன்பது நாளும் கடையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். மாவ்லினின் தம்பி. முட்டை ரொட்டி கருகுவதாகக் கேள்வி.)

3

ஃபெங்பின் தாண்டியதும் மேடு. குழு முன்னால் போய்விட்டது. "நீ முன்னால போ, நான் பின்னால வந்து உன்னைப் பாத்துக்கறேன்" என்று மாவ்லின் பெரிய மனதோடு சொல்ல, பீயுன் மிதித்தார். எதிரே வந்த லாரிக்காரன் தலையை நீட்டி, "எண்ணெய் ஊத்து! எண்ணெய் ஊத்து!" என்று கத்தினான். யாரையும் உற்சாகப்படுத்த நாங்கள் சொல்வது அதுதான்.

"என் பொழப்பே அதாண்டா!" என்று பீயுன் திருப்பிக் கத்தினார். "காலைல நாலு மணிலேர்ந்து அதைத்தான் பண்றேன்!"

அவர் வளைவில் மறைந்ததும் மாவ்லின் காலை ஊன்றினார். முகம் வெந்த நண்டு.

"தம்பி, கதவைத் திற."

"அண்ணே?"

"இந்த ஒரு மேடு. அப்புறம் இறக்கி விட்டுடு. அவகிட்ட மூச்சு விடாத."

* முதல் வரைவில் அவர் சைக்கிளை மறந்துவிட்டேன். வாசித்த என் மனைவி, "ஆளு ஏறிட்டாரு, சைக்கிள் என்ன தானா மேடேறுச்சா?" என்றாள். முன்சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளை மூட்டைகளுக்கு அடியில் செருகினேன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

4

இந்த இடத்தில் நீங்கள் மாவ்லினை வெறுப்பது எனக்கு வசதி. வேனின் கறுப்பு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் தொடையை அமுக்கிக்கொண்டு அவர் சொன்னதை விட்டுவிட்டால் போதும். ஆனால் சொன்னார்:

"திங்கட்கிழமை அவ தூங்குவா. நான் என்னடா பண்ணுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?"

எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதக் கூடாது என்பார்கள். எழுதிவிட்டேன்.

5

இரண்டு வளைவு தாண்டி பீயுன் நின்றிருந்தார். சைக்கிள் தடுப்புச் சுவரில் சாய்ந்திருந்தது. முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. (மன்னியுங்கள், அக்கா.) கையைக் காட்டினார். நிறுத்தாமல் போக முடியுமா? நிறுத்தினேன்.

"போதும் தம்பி. முடியல." கண் கலங்கியிருந்தது. "அந்தாளு எங்க?"

"பின்னால," என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

"வந்து சிரிப்பான். சிரிச்சுத் தொலைக்கட்டும்."

நொண்டிக்கொண்டே வேனின் பக்கக் கதவுக்கு வந்தார்.

6

இதுவரை எழுதிய முடிவுகள்:

ஒன்றில் நான் பூட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டு, "கதவு மாட்டிக்கிச்சு அக்கா" என்கிறேன். அவர் என் வம்சத்தையே திட்டிவிட்டு, அந்தக் கோபத்திலேயே மேடேறிவிடுகிறார். நண்பர்களுக்குப் பிடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமையை அவருக்கு வாங்கித் தந்தது என் கட்டைவிரல் என்றாகிறது. மாவ்லினும் துடைத்துப்போட்டாற்போலத் தப்பித்துவிடுகிறார்.

இன்னொன்றில் கதவு திறக்கிறது, இருவரும் சிரிக்கிறார்கள், கடல் மின்னுகிறது. கடல் ஒருநாளும் அப்படி நேரம் பார்த்து மின்னாது.

மூன்றாவதிலும் பூட்டினேன். எழுதும்போதே கொட்டாவி வந்தது.

நிஜத்தில் என்ன நடந்தது? எங்கள் மூன்று பேருக்குத் தெரியும். மூன்று பேர் போதும்.

7

எனவே, இப்படி விடுகிறேன். பீயுனின் கை வெளிக் கைப்பிடியில் இருக்கிறது. இன்னும் இழுக்கவில்லை. தலைக்கு மேலிருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில் பார்க்கிறேன்: மாவ்லினின் கை எழுந்து உள்கைப்பிடியைப் பிடித்திருக்கிறது. திறக்கவா, திறக்கவிடாமல் பிடிக்கவா? புறங்கையை வைத்து அதைச் சொல்ல முடியாது. காற்று வேனை ஆட்டுகிறது.

நான் இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பூட்டுப் பொத்தான் உங்கள் இடது கட்டைவிரலுக்குக் கீழே. அதை மட்டும் அமுக்காதீர்கள். மீதியை அந்த இரண்டு கைகளும் பார்த்துக்கொள்ளட்டும்.