சூளைப் பஞ்சு அடைத்த பாய்

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து மார்கழி. விருத்தாசலத்துப் பெண்கள் பள்ளி ஒன்றின் சாமான் அறையில், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் மல்லாந்து கிடந்தார் கொளஞ்சிநாதன். அவர் அந்தப் பள்ளியின் எழுத்தர். கல்வராயன் மலையில் நான்கு நாள் முகாமுக்குப் போகும் இருபது மாணவிகளுக்குப் படுக்கை வாங்கும் பொறுப்பு அவருடையது. எதையும் தானே சோதித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார் என்று அவருக்குப் பள்ளியில் நல்ல பெயர்.

பிள்ளைகள் முதுகில் சுமந்துகொண்டு ஏற வேண்டும், அதனால் கனம் கூடாது. மலைக்குளிர் தரை வழியாக உடம்பில் ஏறவும் கூடாது. உடற்கல்வி ஆசிரியை வளர்மதி இந்த இரண்டையும் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். கோரைப்பாய் கனமே இல்லை, ஆனால் ஐந்து நிமிடத்தில் முதுகு சில்லிட்டது. இலவம்பஞ்சு மெத்தை சுகம்தான். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பிள்ளையால் பஸ் ஸ்டாண்டு வரைகூடப் போக முடியாது. கடைவீதியிலிருந்து வந்த ஃபோம் விரிப்பு விரல் தடிமன். சுருட்டினால் கக்கத்தில் அடங்கியது, குளிரும் ஏறவில்லை. அதையே வாங்கியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

நான்காவது பாய் ஜெயராஜ் கொண்டுவந்தது. பீங்கான் கம்பெனிகளுக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்து, அவர்களுக்கு வேண்டாததை வாரிக்கொண்டு போகிற ஆள் அவன். நீல ரெக்சின் உறை, குறுக்கும் நெடுக்கும் தையல். தூக்கினால் கையில் ஒன்றும் இல்லாதது போலிருந்தது.

"உள்ள என்னாப்பா?"

"ஸ்பெஷல் பஞ்சு சார். சூளைக்கு உள்சுவத்துல போடறது. நெருப்பையே வெளிய வுடாத பஞ்சு, குளிரையா உள்ள வுடும்?"

வேறு ஊர்க்காரனாக இருந்தால், சூளைக்குப் போடுவதைப் படுக்கைக்கு ஏன் போடுகிறாய் என்று கேட்டிருப்பான். சூளையை நம்பிப் பிழைக்கும் ஊரில் பிறந்தவருக்கு அந்தப் பேச்சு பெருமையாகவே பட்டது. படுத்தார். தரை இருப்பதே தெரியவில்லை. பத்து நிமிடம் போன பிறகு முதுகெங்கும் ஊசி ஊசியாய்க் குத்தியது. சொறியச் சொறிய அரிப்பு ஏறியது, தொண்டை கமறியது. எழுந்து ஜன்னலோரம் பாயைத் தட்டினார். தையல் துளைகளிலிருந்து மினுமினுப்பான தூசி பறந்தது. சூளையைப் பிரித்துச் சரிசெய்யும்போது, வெந்து நைந்துபோன, கண்ணாடி இழை போன்ற பழைய பஞ்சைக் குப்பையில் கொட்டுவார்கள். அந்தக் குப்பைக்குத்தான் ஜெயராஜ் உறை போட்டிருந்தான். கொளஞ்சிநாதன் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"புதுசு சார். ரெண்டு நாளு ஒதறுனா சரியாப் பூடும்," என்ற ஜெயராஜ் குரலைத் தாழ்த்தினான். "வூட்டுல வாஷ்பேசின் இல்லன்னு சொன்னீங்களே? எளம்பச்சையில ஒண்ணு எடுத்து வச்சிருக்கறன்."

அவ்வளவுதான். ஒரு மனிதனை வாங்கப் பொன்னும் மணியும் வேண்டியதில்லை போலிருக்கிறது. கை கழுவுகிற தொட்டி ஒன்று போதும்.

மறுநாளே தொட்டி அவர் வீட்டுச் சுவரில் ஏறியது. பார்க்க வந்த ஜெயராஜ், வாயில் குதப்பிக்கொண்டிருந்த வெற்றிலைச் சாற்றைப் புளிச்சென்று அதிலேயே துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போனான். மனைவி வாசுகிக்கு முகம் சுண்டிவிட்டது.

"தெருவுல துப்பற எச்சிய நம்ம வூட்டுக்குள்ள வந்து துப்பிட்டுப் போறான். நீங்களும் பல்ல இளிச்சிகிட்டு நிக்கறீங்க!"

செம்புத் தண்ணீரை ஊற்றி அந்த எச்சிலைக் கையால் தேய்த்துக் கழுவியவர் கொளஞ்சிநாதன்தான். அப்படியும் அடுத்த நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஜெயராஜின் பாய்களுக்கு "தரம் சோதிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

முகாமுக்குப் புறப்படும் நாளன்று பள்ளி முற்றத்தில் இருபது பாய்களும் அடுக்கப்பட்டிருந்தன. முதலில் வந்தவள் ஒன்பதாம் வகுப்பு அகல்யா. கூடவே அவளுடைய அம்மா பூவாயி.

"எம்பொண்ண அனுப்பறதில்லன்னுதான் சாரு இருந்தன். குளுருல கெடக்கணுமேன்னு பயம். நீங்களே சட்டையக் கழட்டிப் போட்டு ஒவ்வொரு பாயிலயும் படுத்துப் பாத்துதான் வாங்கனீங்கன்னு பொண்ணு சொல்லுச்சி. அப்பறந்தான் எனக்கு மனசு வந்துது."

பூவாயியின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை பழைய துணி சுற்றியிருந்தது. துணி விலகிய இடங்களில் தோல் சிவந்து தடித்திருந்தது. கொளஞ்சிநாதன் அதைப் பார்ப்பதை அவளும் கவனித்தாள்.

"சூளை பிரிக்கற வேல சாரு. அந்தப் பஞ்சு பட்டா இப்பிடித்தான் ஆவும். குளிக்காம எம்புள்ளையக்கூடத் தொடமாட்டன்."

அகல்யா பாய்க்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கொளஞ்சிநாதனால் கொடுக்க முடியவில்லை. தன்னை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"எல்லாரும் தள்ளிப் போங்கம்மா," என்றார். அலுவலகத்திலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து ஒரு பாயை நீளவாக்கில் கிழித்தார். சாம்பல் படிந்த பஞ்சு பொலபொலவென்று உதிர்ந்தது. பூவாயி ஒரே எட்டில் மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிள்ளைகள் போட்ட சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை சொர்ணாம்பாள் ஓடி வந்தார்.

"இது சூளைக் குப்பைங்க மேடம்," என்றார் கொளஞ்சிநாதன். "படுத்துப் பாத்தப்பவே எனக்கு அரிச்சிது. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டன். அதுக்கு ஒரு வாஷ்பேசின் வாங்கிகிட்டன்."

சொர்ணாம்பாள் கிழிந்த பாயைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இத அப்பிடியே எழுதி என் மேஜையில வைங்க. கடைவீதியிலேர்ந்து வந்துச்சே, அந்த ஃபோம் விரிப்பு வர்ற வரைக்கும் முகாம் கெடையாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உண்மையைச் சொன்னதற்காவது ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று கொளஞ்சிநாதன் பூவாயியைப் பார்த்தார். அவளோ முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாம வாங்கியிருந்தா போவுதுன்னு வுட்டுடலாம். ஒங்க முதுவுல அரிச்ச பெறவும் எம்புள்ள முதுவுக்குக் குடுக்கப் பாத்தீங்களே! லஞ்சம்னா குடுக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் நடுவுல முடிஞ்சி போற வெவகாரம்னு நெனச்சிக்கறீங்க. அது அங்க முடியறதில்ல சாரு. ஒங்கள நம்பி நிக்கற மூணாவது ஆளு ஒடம்புலதான் போயி முடியுது."