சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்

காரோடு சேர்ந்து வந்த அந்த இரண்டு மரப் பெட்டிகளும் எதற்கு என்று எங்கள் காஜா பேராங் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பொருள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, தான் யார் என்று சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

காரை விற்ற துரையிடம் கேட்கலாம் என்றால், அவர் கப்பலேறிப் போய்விட்டார். மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதற்குள்ளாகவே துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு சாம்பல் நிறச் சின்னக் காரும், அதன் பின்பெட்டியில் கிடந்த இந்தப் பெட்டிகளும். பெட்டி என்று சொல்வதும் தப்பு. ஒரு முனை தரையைத் தொடும். அங்கிருந்து சரிவாக ஏறி, ஒன்றரைச் சாண் உயரத்தில் கொஞ்சம் தட்டையாகி, கடைசியில் ஒரு கட்டையில் முட்டி நிற்கும். கனத்த பலகை. ஒன்றைத் தூக்கவே இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"செருப்பு வெக்கிற ஸ்டாண்டா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பெயர் பொன்னுதுரை. நில ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. எதைப் பார்த்தாலும் உடனே ஒரு பதில் சொல்லிவிடுவார், பிறகு அதைப் பற்றி யோசிக்கவே மாட்டார்.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா துணி துவைக்கிற பலகை என்றாள். சொன்னதோடு விடாமல் ஒரு போர்வையை அதில் போட்டு அடித்தும் பார்த்தாள். போர்வையில் கறுப்புக் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டது. அவள் முகம் சுண்டிப்போனது.

முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் முகைதீன் நானா மட்டும் குனிந்து தட்டிப் பார்த்தார். "எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி ஏத்தறதுக்குத் தங்கச்சி. வேணாம்னா சொல்லுங்க, கடைக்கு எடுத்துக்கிறேன்."

"அது என்னன்னு தெரியாம குடுக்க மாட்டேன் நானா" என்றேன்.

பொன்னம்மாவின் போர்வையில் ஒட்டிய கறுப்புதான் எனக்கு வழி காட்டியது. சரிவின் நடுவே நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. உற்றுப் பார்த்தால் அதில் வளைந்து வளைந்து கோடுகள். ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து அந்தப் பட்டையின் அகலத்துக்கு ஒடித்தேன். கார் டயரின் மேல் வைத்தேன். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. கோடுகளும் அதே கோடுகள். வாசலில் தனியாக நின்று சிரித்தேன். காரையே மேலே ஏற்றி நிறுத்துகிற சாமான். ஏற்றினால் அடியில் ஆள் படுக்கலாம். காரின் வயிற்றைப் பார்க்கலாம்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் தாதி வேலை பார்த்தவள் நான். மனுஷ வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் ஓரளவு தெரியும். கார் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்க வேண்டிய கட்டாயம் சனிக்கிழமையே வந்துவிட்டது.

காலையில் காரை நகர்த்தினால் தரையில் ஒரு கறுப்புச் சொட்டு. ஒரு பழைய பீங்கான் தட்டை அடியில் தள்ளி வைத்தேன். பதினொரு மணிக்குப் பார்த்தபோது தட்டு முக்கால்வாசி நிறைந்திருந்தது. இஞ்சின் எண்ணெய்.

அன்றைக்கே அதை நிறுத்தியாக வேண்டும். காரணம் உண்டு. புக்கிட் காதில், ஆயர் குரோ என்ற இரண்டு ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களைச் சுற்றிவரும் தாதி வேலை எனக்குக் கிடைத்திருந்தது. அதுவரை வெள்ளைக்கார மிசி ஒருத்தி பார்த்த வேலை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நல்ல நிலையில் உள்ள சொந்தக் காரோடு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று கடிதத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். எண்ணெய் ஒழுகும் காரோடு போய் நின்றால் சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

பட்டறைக்குக் கொண்டுபோகலாம் என்றால், அன்று சீனப் பெருநாள் மூன்றாம் நாள். காஜா பேராங்கிலிருந்து தெங்கேரா வரை ஒரு பட்டறை திறக்கவில்லை. எல்லாக் கதவிலும் சிவப்புக் காகிதம்தான் இருந்தது. ஒரு பட்டறைக்கார அப்பேக், வயசான சீனர், மட்டும் வாசலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அடியில் ஒரு திருகாணி இருக்கும், அது தளர்ந்திருக்கும், இறுக்கினால் போதும் என்று மலாயில் சொல்லிவிட்டு, கையில் இரண்டு பழத்தையும் கொடுத்து அனுப்பினார். பெருநாள் முடியாமல் அவர் ஸ்பேனரைத் தொட மாட்டார்.

இதைவிடப் பெரிய கவலை வீட்டுக்குள் இருந்தது. அந்த வேலைக்கு என் வீட்டுக்காரர் லேசில் சம்மதிக்கவில்லை. தோட்டத்து மண் ரோட்டில் பொம்பளை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போவதா என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஏதாவது ஒண்ணு ஏடாகூடமா நடந்துச்சுன்னா, அதோட விட்டுடணும் சீதா. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வேறு என்ன செய்ய.

ஆனால் மனுஷர் நல்லவர். எண்ணெய் ஒழுகுகிறது என்று சொன்னதும், "நான் படுத்து இறுக்கறேன். நீ படுக்கக் கூடாது, தெருவே பார்க்கும்" என்றார். எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன். வேலை நடந்தால் சரி.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இரண்டு சரிவுப் பலகைகளையும் முன்சக்கரங்களுக்கு எதிரே நேராக வைத்தோம். எங்கள் வாசல் சிமெண்ட் வழவழப்பு. முதல் தடவை சக்கரம் முட்டியதும் பலகைகள் முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடின. நானா கடையிலிருந்து இரண்டு ஈரச் சாக்கைக் கொண்டுவந்து அடியில் விரித்தார். பிறகு ஓடவில்லை. நானா எதிரே நின்று இரண்டு கையாலும் வா வா என்று காட்ட, நான் அங்குலம் அங்குலமாக ஏற்றினேன். சக்கரம் கடைசிக் கட்டையில் மெல்ல முட்டி நின்றது. கைப் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கார் நின்றது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

நானா வாலிப வயசில் லாரியில் கிளீனராக இருந்தவர். லாரி மேட்டில் நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்பதுதான் அவர் வேலை. பத்து வருஷம் அதையே செய்திருக்கிறார். யாரும் சொல்லாமலே வேலியோரம் கிடந்த இரண்டு செம்பாறைக் கற்களைத் தூக்கிவந்து, பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்து, காலால் உதைத்து இறுக்கினார். "இனி யானை தள்ளினாலும் அசையாது" என்று சொல்லிவிட்டு ஸ்பேனர் எடுக்கக் கடைக்குப் போனார். என் வீட்டுக்காரர் கைலி மாற்ற உள்ளே போனார். நான் தனியாக நின்றேன்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. காருக்கு மஞ்சள் பூசி, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்தோம். என் அப்பா தோட்டத்து லாரி டிரைவர். எலுமிச்சை நசுக்கிய வண்டிக்கு, முதல் பயணம் போய்வரும்வரை சக்கரத்தில் கல் வைக்கவே விட மாட்டார். பழம் நசுக்குவது தடையை எடுக்கத்தானே, எடுத்த பிறகு நாமே தடை வைப்போமா, வைத்தால் போகிற காரியம் நின்றுபோகும் என்பார். அப்பா சொன்னதில் பாதியை நான் நம்புவதில்லை. தாதிப் படிப்புப் படித்தவள், சகுனம் பார்க்கிறவர்களைக் கேலி செய்கிறவள். ஆனால் அந்தக் கல்லைப் பார்க்கப் பார்க்கத் திங்கட்கிழமை காலை எட்டு மணிதான் கண்ணில் வந்தது. வேலை கைநழுவிப் போனால், இந்தக் கல்தான் காரணம் என்று ஆயுசு முழுக்க மனசு அரிக்கும்.

கைப் பிரேக்தான் பிடித்திருக்கிறதே, ஐந்து நிமிஷ வேலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு கல்லையும் எடுத்து, லோங்காங் என்று நாங்கள் சொல்லும் வாசல் சாக்கடை ஓரம் போட்டேன். கியரில் போட்டு நிறுத்தலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் வந்தார். நானா கொடுத்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, சாக்கை விரித்து, முன்பக்கமாகத் தலையை உள்ளே கொடுத்துப் படுத்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"என்ன தெரியுது?" என்றேன். எனக்குப் பொறுமை இல்லை.

"எல்லாம் கறுப்பாத்தான் தெரியுது. ஆ, இருக்கு, திருகாணி இருக்கு. ஈரமா இருக்கு."

"இறுக்குங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது எனக்கே கேட்டது. ஒரு தடவை. இரண்டாம் தடவை கார் லேசாக ஆடியது. மூன்றாம் தடவை பின்னாலிருந்து கிரீச் என்று ஒரு சத்தம் வந்தது. முன்சக்கரம் தட்டையான இடத்திலிருந்து மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. கார் சரிவில் இறங்க ஆரம்பித்தது.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அவருடைய இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தது தெரியும். நானாவும் வந்து ஒரு காலைப் பிடித்தார். பாதி உடம்பு வெளியே வரும்போதே காரின் மூக்கு தாழ்ந்துகொண்டு வந்தது. நம்பர் பலகையின் விளிம்பு அவர் நெற்றியை உரசிக்கொண்டு போனது. கார் பின்னால் உருண்டு வாசலோரத்து ரம்புத்தான் மரத்தில் மெல்ல மோதி நின்றது. அவர் எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் ரத்தம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

காயம் ஆழமில்லை. கழுவி மருந்து போட்டேன். துணி வைத்துக் கட்டினேன். அவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியம் அவர் ஞாபகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

நானாதான் நிலைகுலைந்துபோயிருந்தார். சக்கரம் நின்ற இடத்தில் குந்தி, சிமெண்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"என் தப்புதான் தம்பி. சரியா வெக்கலை. கல்லைத் தள்ளிக்கிட்டு போயிருச்சு. பத்து வருஷம் வெச்ச கை, இன்னிக்கு ஏமாத்திருச்சு. அல்லா காப்பாத்தினான். தங்கச்சி முகத்தை எப்படிப் பார்ப்பேன்."

"விடுங்க நானா, வயசாச்சு உங்களுக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நானாவின் கை தவறியது என்று ஆகிவிடும். அவரை இவர் மன்னித்தும்விட்டார். வாயைத் திறந்தால் வேலை போகும். அது மட்டுமா போகும்? புருஷன் உயிரைவிட வேலை பெரிதென்று நினைத்தவள் என்று ஆகிவிடும். அப்படி நான் நினைக்கவில்லை என்று சொல்ல எனக்கே தைரியம் இல்லை. நானாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"நானா, எந்திரிங்க. நீங்க சரியாத்தான் வெச்சீங்க. நான்தான் எடுத்தேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். லோங்காங் ஓரம் கிடந்த கற்களைக் காட்டினேன். எலுமிச்சை, அப்பா, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எவ்வளவு முட்டாள்தனம் என்று என் காதுக்கே கேட்டது.

நானா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தங்கச்சி" என்றார். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் அந்தக் கற்களைப் பார்த்தார். நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உன்னை நல்லாத் திட்டணும்" என்றார். "இப்ப தலை வலிக்குது. திங்கக்கிழமை சாயங்காலம் திட்டறேன்."

"திங்கக்கிழமை ஏன்?"

"காலையில நீ வேலைக்குப் போகணும்ல. அழுத மூஞ்சியோட போய் நிக்க முடியுமா." ஸ்பேனரை எடுத்து என் கையில் வைத்தார். "இன்னும் அரைச் சுத்து இருக்கு. இந்தத் தடவை நீ படு. கல்லை நான் பார்த்துக்கறேன்."

"தெரு பார்க்குமே."

"பார்க்கட்டும்."

காரை மறுபடி ஏற்றினேன். கைப் பிரேக், கியர், இரண்டும். அவரே கற்களைத் தூக்கிவந்து வைத்தார். நானா குனிந்து பார்த்து, ஒன்றைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். பிறகு நானும் நானாவும் சேர்ந்து காரைப் பின்னால் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே படுத்தேன்.

ஆசைப்பட்ட இடம்தான். மண்ணும் மசியும் அப்பிய குழாய்கள், கம்பிகள், நடுவே இஞ்சினின் பெரிய வயிறு, அதன் அடியில் தொப்புளாகத் திருகாணி. இன்னொரு நாளாக இருந்தால் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்திருப்பேன். அன்று என் முகத்துக்கு ஒரு சாண் மேலே அத்தனை இரும்பும் தொங்கியதுதான் தெரிந்தது. 

"கல்லு இருக்குதாங்க?" என்றேன்.

"இருக்கு."

ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். கால் சுற்று வந்தது. கார் முனகியதுபோல இருந்தது.

"ரெண்டும் இருக்கா?"

"ரெண்டும் இருக்கு சீதா."

மறுபடி இழுத்தேன். திருகாணி நின்றது. விரலால் துடைத்துவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தேன், சொட்டு வரவில்லை. வெளியே வருவதற்குள் இன்னும் ஒரு தடவை கேட்டேன். அவர் சலிக்காமல் அதையே சொன்னார்.

அவர் இங்கே படுத்திருந்தபோது கல் இருக்கிறதா என்று என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அப்போதுதான் அது எனக்கு உறைத்தது.