ஒத்துப்போன மூன்று கோணங்கள்

படிகத்துக்குள் புரத மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். வடிவம் தெரிந்த உறவுக்கார மூலக்கூறு ஒன்றை மாதிரியாக எடுத்து, கணினியில் திருப்பித் திருப்பித் தேட வேண்டும். விடை மூன்று கோணங்கள். அவளுடைய வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்னொருவர் தனியாகத் தேடி அதே விடைக்கு வந்தால் ஆறு மாதம் நீட்டிப்பதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்த இன்னொருவர், அடுத்த மேசைக்காரர், அவளுடைய அக்கா புருஷன்.

வியாழக்கிழமை காலையில் அத்தான் தாளை நீட்டினார். மூன்று கோணங்களும் அச்சு அசலாக அவளுடையவை. புள்ளிக்குப் பின்னால் இரண்டாம் இலக்கம் வரை.

மாதிரி திரையில் குப்புறக் கிடக்கிறதே என்று, தேடலைத் தொடங்கும் முன் அவள் அதை நிமிர்த்தி வைத்திருந்தாள். அத்தானிடம் இருந்தது குப்புறக் கிடந்த பழைய கோப்பு. வெவ்வேறு நிலையில் புறப்பட்ட இரண்டு பேர் ஒரே அளவு திரும்பினால் ஒரே பக்கம் பார்க்க முடியாது.

“அத்தான், இந்தத் தேடலை நீங்க கணினியில ஓட்டவே இல்லல்ல?”

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்கக்கா மூணு நாளா என்னை நிம்மதியா சாப்பிட விடல. பேராசிரியர் என்ன, கோப்பைத் திறந்தா பாக்கப் போறாரு?”

“இப்ப ஓட்டுங்க.”

“ஒத்து வரலன்னா வேலை போயிரும்மா.”

“போகட்டும்” என்றாள். சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம்.

நாற்பது நிமிடம் ஆனது. வந்த எண்கள், அவளுடையவற்றுக்கு ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருந்தன. அத்தான் துக்கம் விசாரிக்க வந்தவர்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தான் நிமிர்த்திய அளவைச் சேர்த்து அவள் கணக்குப் போட்டாள். பொருந்தவில்லை. இந்தப் படிகத்தில் ஒரே மூலக்கூறு நான்கு திசைகளில் அடுக்கப்பட்டிருக்கும்; தேடல் அதில் எதைப் பிடித்தாலும் சரியான விடைதான். மீதி மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். இரண்டாவது இல்லை. மூன்றாவதும் இல்லை. நான்காவதில் வித்தியாசம் ஒன்றரை டிகிரி. இந்தத் தொழிலில் அவ்வளவு நெருங்கிவிட்டால் இரண்டும் ஒரே விடைதான்.

பேராசிரியர் இரண்டு தாள்களையும் பார்த்து, ஒரு எண்கூட ஒத்து வரவில்லையே என்று முகம் சுளித்தார். அவள் கணக்குப் போட்ட தாளை நீட்டி விளக்கினாள். அவர் கணக்கை இருமுறை சரிபார்த்துவிட்டு நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். லேசாகப் பிசகியிருப்பதுதான் நம்பும்படி இருக்கிறது, அச்சு அசலாக வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன் என்றார்.

அத்தான், தானும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார்.