இரண்டு பலூனும் ஒரு வாளித் தண்ணீரும்

எரிந்துபோன டியூப் லைட்டுக்கு டிக்கெட் கேட்கும் கண்டக்டரை ராஜரத்தினம் அன்றைக்குத்தான் பார்த்தார். "எரியாத லைட்டுக்கு என்னத்துக்குய்யா டிக்கெட்டு?" என்று கேட்டும் பார்த்தார்.

"எரியுதோ இல்லையோ, ஒரு ஆளு நிக்கிற எடத்தைப் பிடிக்குதுல்லா?" என்றார் கண்டக்டர்.

நியாயம்தான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அந்த நாலடிக் குழாயை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டே வந்தார். முன்னால் பெண்கள் சீட்டில் அவர் மனைவி ஞானபாக்கியம் மடியில் துணிப்பையுடன் உட்கார்ந்து நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவரை அல்ல, குழாயை.

அது எண்பத்தேழாம் வருஷத்து மார்ச். ஞானபாக்கியம் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில் அன்று இன்ஸ்பெக்ஷன். போன வருஷம் வந்த அதிகாரி அம்மா ஆய்வுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார்: 'ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை பாடத்தை ஒப்பிக்க வைக்கிறார், எதையும் செய்து காட்டுவதில்லை.' செய்து காட்ட அங்கே என்ன இருந்தது? ஒரு தராசும், துருப்பிடித்த இரண்டு காந்தமும். இந்த வருஷமும் அதே வரி வந்தால் அறிவியலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, ஞானபாக்கியத்துக்குத் தையல் வகுப்பைத் தருவதாகத் தலைமையாசிரியை ஜெயபாய் சொல்லிவிட்டார். ஞானபாக்கியத்துக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. அதைக்கூட விடலாம். அந்த ஒன்பதாம் வகுப்பு அவளுக்கு உயிர். ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

யோசித்து யோசித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பலூன். ராஜரத்தினம் மில்லிலிருந்து கொண்டுவந்த நூல். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வீடு வீடாகப் போகும்போது அவர் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் கம்பளி மப்ளர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த கையோடு வீட்டிலேயே ஒத்திகை பார்த்தாள். துடைப்பக் கட்டையிலிருந்து இரண்டு பலூனையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டு, மப்ளரால் பரபரவென்று தேய்த்தாள். கையை எடுத்ததும் இரண்டும் முகம் திருப்பிக்கொண்டு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றன. எத்தனை தடவை சேர்த்து வைத்தாலும் ஒட்ட மாட்டேன் என்றன.

"கம்பளியில இருந்து மின்னூட்டம் பலூனுக்கு ஏறுது. ரெண்டுலயும் ஏறினது ஒரே இனம். அதான் தள்ளுது" என்றாள். பிறகு டியூப் லைட்டைப் பட்டுத்துணியால் தேய்த்துக் கிட்டே நீட்டினாள். பலூன் ஓடி வந்து அதில் ஒட்டியது. "கண்ணாடியில இருக்கிறது வேற இனம், இழுக்குது. ஆனா இழுக்கிறதை மட்டும் நம்பிரக் கூடாது. சும்மா கிடக்கிற காகிதத்தைக்கூட இழுக்கும். தள்ளினாத்தான் ரெண்டுலயும் மின்னூட்டம் இருக்குன்னு உறுதி."

ராஜரத்தினம் வாய்விட்டுச் சிரித்தார். "ஏட்டி பாக்கியம், இதைக் கொல்லுறதுக்குத்தான் மில்லுல எனக்குச் சம்பளம் தாராக. நீ பாலூத்தி வளக்கியே!"

உண்மைதான். பஞ்சோடு பாலியஸ்டர் கலந்து நூற்க ஆரம்பித்ததிலிருந்து மில்லில் இதே ரோதனை. காற்று காய்ந்தால் போதும், இழை உருளையில் உரசி உரசி மின்னூட்டம் ஏறி, உருளையையே சுற்றிக்கொண்டு அறுந்து போகும். இரும்பைத் தொட்ட ஆளுக்குச் சுரீரென்று ஒரு கடி. அங்கே காற்றுக்கு ஈரம் ஏற்றும் எந்திரம் ராஜரத்தினத்தின் பொறுப்பு. காற்றில் ஈரம் இருந்தால் எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் லேசாகப் படிந்து, ஏறிய மின்னூட்டத்தை ஏறிய கையோடு இறக்கிவிடும். ஈரம் எவ்வளவு என்று காட்டத் தூணில் ஒரு கருவி தொங்கும். அவருக்கு அது வேண்டாம். பதினாறு வருஷப் பழக்கம். முன்கையை நீட்டினால் தோலே சொல்லிவிடும், ஈரம் நூற்றுக்கு அறுபதா அறுபத்திரண்டா என்று. சொன்னால் பிசகாது.

அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்றைக்குப் போய் அந்தக் காரியத்தைச் செய்தார்.

குழாயை வகுப்பில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். ஞானபாக்கியம் அதிகாரி அம்மாவை வரவேற்க ஆபீஸ் அறைக்குப் போயிருந்தாள். அந்தப் பக்கம் வந்த ஜெயபாய், "சார், வகுப்புல ஒரே தூசி. அந்தம்மாவுக்குத் தும்மல் வந்தா நம்ம பாடு அவ்வளவுதான். கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடுறீங்களா?" என்றார். மனைவியின் பள்ளிக்கூடத்தில் தனக்கும் ஒரு வேலை கிடைத்ததில் ராஜரத்தினத்துக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சமாகவா தெளித்தார்? தரையை இரண்டு தரம் நனைத்தார். நாலு சாக்கைத் தேடிப் பிடித்து, வாளியில் முக்கி, சன்னல்களில் தொங்கவிட்டார். பழகிய கை வேலையைத் தொடங்கிவிட்டால் தலையிடம் கேட்டுக்கொண்டா செய்யும்? அறை குளுகுளுவென்றாகிவிட்டது. ஜெயபாய் பாராட்டினார். ராஜரத்தினம் பெருமையோடு கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

நாற்பது பெண்பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். ஞானபாக்கியம் பாடத்தை அழகாகத் தொடங்கி, மப்ளரை எடுத்துப் பலூன்களைத் தேய்த்தாள். கையை எடுத்தாள்.

இரண்டும் பேசாமல் தோளோடு தோள் உரசிக்கொண்டு தொங்கின.

மறுபடி தேய்த்தாள். வளையல் குலுங்கக் குலுங்கத் தேய்த்தாள். பலூன்கள் அசைந்து கொடுக்கவில்லை. டியூப் லைட்டை நீட்டினாள், அதுவும் பலிக்கவில்லை. முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பேனா மூடியைத் திருகினார்.

அப்போதுதான் சன்னல் சாக்கு வழியாக ஒரு காற்று வந்து ராஜரத்தினத்தின் முன்கையில் பட்டது. ரோமம் படிந்து கிடந்தது. "எழுபத்தஞ்சு" என்று அவர் வாய் தானாக முணுமுணுத்தது. மறு நொடி சுற்றிலும் பார்த்தார். தரை, சாக்கு, வாளி எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. அட பாவி! பலூன் தொங்கிய பருத்தி நூல்கூட இந்நேரம் ஈரத்தைக் குடித்திருக்கும்.

பேசாமல் இருந்தால் பாக்கியத்தின் வகுப்பு போகும். எழுந்து பேசினால், புருஷன்காரன் நடு வகுப்பில் புகுந்து மானத்தை வாங்கினான் என்று ஊரே சிரிக்கும். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. எழுந்துவிட்டார்.

"அம்மா, மன்னிக்கணும். பிசகு டீச்சர் மேல இல்ல. என் மேல. நாந்தான் இங்க ஈரம் போட்டேன்."

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி அம்மா.

அறை முழுக்க ஈரம், ராஜரத்தினத்தின் வாய் மட்டும் காய்ந்துவிட்டது. ஞானபாக்கியம் தரையைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு நிற்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. போச்சு என்று நினைத்தார்.

"என் வீட்டுக்காரர், மேடம்" என்றாள் அவள். நிமிர்ந்துதான் நின்றாள். "மில்லுல காத்தோட ஈரத்தைப் பாக்குற வேலை. நான் புத்தகத்துல படிச்சது அவியளுக்குத் தோல்லயே தெரியும். அவிய சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவரைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லி ராஜரத்தினம் கேட்டதில்லை.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "வீட்டுல நடந்தது இங்க நடக்கல. ஏன்? சொல்லுங்க பாப்போம்."

பிள்ளைகள் தரையையும் சன்னல் சாக்கையும் பார்த்தார்கள். பிறகு வேலுத்தாய் என்ற பெண் துள்ளி எழுந்தாள். "ஈரம் வழியா இறங்கிப் போயிருது டீச்சர்! தேய்க்கத் தேய்க்க ஏறத்தான் செய்யுது, நிக்க மாட்டேங்குது!"

"அப்ப என்ன செய்யலாம்?"

"வெயில்ல கொண்டுபோலாம் டீச்சர்!" என்று நாற்பது பேரும் கத்தினார்கள்.

மைதானத்தில் கொடிக்கம்பத்து மேடை சுட்டுக்கொண்டிருந்தது. மப்ளரையும் பட்டுத்துணியையும் அதன் மேல் விரித்தார்கள், நூலைக் காயவிட்டார்கள். அதிகாரி அம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றார். ராஜரத்தினம் சட்டைக் கையை இன்னும் ஏற்றி மடித்து முன்கையை நீட்டினார். அத்தனை பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"இன்னும் செத்த நேரம்" என்றார். பிறகு, "செத்த இருங்க." பிறகு, "இப்பத் தேய்ங்க, டீச்சர்."

ஞானபாக்கியம் தேய்த்தாள். கையை எடுத்தாள். பலூன்கள் இரண்டும் வீட்டில் செய்தது போலவே முகம் திருப்பிக்கொண்டு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் அடுத்த வகுப்புப் பாடம் நின்றுபோயிற்று. அதிகாரி அம்மா குடையை ஜெயபாயிடம் கொடுத்துவிட்டு, "நான் ஒரு தடவை" என்று மப்ளரை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஆய்வுப் புத்தகத்தை ஜெயபாயே வாசித்துக் காட்டினார்: 'சோதனை தோற்றது. ஏன் தோற்றது என்று மாணவிகளே கண்டு சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் இந்த ஆசிரியையிடமே இருக்கட்டும்.'

திரும்பும் பஸ்ஸில் ஞானபாக்கியம் பெண்கள் சீட்டுக்குப் போகவில்லை. ராஜரத்தினத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டும் வரைக்கும் மடியிலிருந்த துணிப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவமா?" என்றார் அவர்.

"பொறவு? ஒரு வாளித் தண்ணியில என் உசிரையே கரைக்கப் பாத்தீங்களே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மடித்தபடியே இருந்த அவர் சட்டைக் கையைப் பார்த்தாள். "இப்ப எம்புட்டு?"

அவர் முன்கையைச் சன்னல் காற்றில் நீட்டினார். "நாப்பது. கூடிப்போனா நாப்பத்தொண்ணு."

கண்டக்டர் பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் தன் கையை அந்த முன்கையின் மேல் வைத்தாள். "இப்ப?"

ராஜரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பதினாறு வருஷமாக ஒரு நாளும் பொய்க்காத தோல்.

"தெரியல, பாக்கியம்" என்றார்.

ராஜபாளையம் வரும் வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.