சந்தியாகப்பர் கோயில் வெந்த வியாழக்கிழமை

கத்திரி வெயிலின் பத்தாம் நாள், வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, கருவேப்பிலங்குறிச்சி சாலையில் இருக்கும் சந்தியாகப்பர் கோயில் எல்லாப் பக்கமும் ஒன்பதில் ஒரு பங்கு சுருங்கியது. ஓடு ஒன்றும் உடையவில்லை. மணிக்கூண்டுப் புறாக்கள் மட்டும் இடம் போதாமல் வெளியே வந்து உட்கார்ந்தன.

கோயில் முகப்பில், கதவுக்கு மேலே, ஒன்பதடி உயர மாடம் ஒன்று கட்டிய நாளிலிருந்து காலியாகக் கிடந்தது. குதிரைமேல் சந்தியாகப்பரைச் சுடுமண் புடைப்புச் சிற்பமாகச் செய்து, பளபளக்கும் கிளேஸ் பூச்சுப் போட்டுத் தரும்படி பங்குச் சாமியார் துர்காவைக் கேட்டார். ஃபைபரில் வாங்கிவிடலாம் என்ற கமிட்டித் தலைவர் ராஜவேலை மீறித்தான் கேட்டார். துர்கா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பதினாறு வருடம் அச்சில் பிள்ளையார் ஊற்றியவள். எந்தப் பிள்ளையாரிலும் அவள் பேர் இல்லை. இந்தக் குதிரையின் வயிற்றில் மட்டும் ‘துர்கா’ என்று விரல் பருமனில் எழுதினாள். ஐயனாருக்குக் குதிரை செய்த குடும்பம்; சந்தியாகப்பரின் குதிரைக்கும் கழுத்தில் மணி வந்துவிட்டது. நாற்பத்தாறு துண்டுகள், இரண்டு தடவை சூளை. ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை. அங்கியின் நீலத்தைப் பார்க்கப் பேட்டையே வேலையை நிறுத்திவிட்டு வந்தது.

மண் காய்ந்து வெந்தால் சுருங்கும். அதற்காகப் பேட்டையில் மண் ஸ்கேல் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதில் எட்டடி என்றால் நிஜத்தில் ஒன்பதடி. அந்த அளவில் பச்சை மண்ணில் செய்தால், வெந்தபின் சரியாக எட்டடிக்கு வந்து நிற்கும். துர்கா வேறு ஸ்கேலைக் கையால் தொட்டதில்லை. கோயில் மாடத்தையும் அதாலேயே அளந்தாள். எட்டடி என்று காட்டியது. செய்தாள், சுட்டாள், சாரத்தில் ஏறிப் பதித்தாள். மேலே ஓரடியும் பக்கங்களில் கொஞ்சமும் வெறும் சுவர் தெரிந்தது.

ராஜவேல் அண்ணாந்து பார்த்தார். “ஏம்மா துர்கா, மேல ஓரடிய வாடகைக்கு வுடப்போறியா?”

சூளைக்காரர் பழமலைநாதனுக்கு உடனே புரிந்துவிட்டது. “அடிப்பாவி, மண் ஸ்கேல்லயா கோயில அளந்த? கோயிலு வெந்த சாமானாச்சே!”

கொத்தனார் சிமெண்டால் பட்டை கட்டி மறைத்துவிடலாம் என்றார். துர்கா சாரத்தைவிட்டு இறங்கவில்லை.

“கரண்டி என் வேலை மேல பட்டுது, சாரத்தோட தள்ளிவுட்டுருவேன். அளவு சரியாத்தான் இருக்குது. கோயிலு இன்னும் வேவல, அவ்ளோதான்.”

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் மாடம் நிறையாவிட்டால் பெயர்த்துவிட்டு ஃபைபர் வைப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. பெயர்த்தால் நாற்பத்தாறும் நொறுங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். துர்கா அழவில்லை, கெஞ்சவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கோயில் ஜன்னல்களைச் சாத்தினாள். சூளை வாயை அடைப்பதுபோல் கதவிடுக்குகளில் களிமண் பூசினாள். சாமியார் அன்றாடப் பூசையை வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டார். புதன்கிழமை கத்திரி வெயிலில் சுவர் லேசாகச் சிவந்தது. “நாளைக்கு எறக்கிடலாம்” என்றார் பழமலைநாதன், சூளைச் சாமானைச் சொல்வதுபோல்.

வியாழக்கிழமை சுருங்கியது. வெந்த சாமான் மறுபடி சுருங்காது. ஆகவே சந்தியாகப்பர் அப்படியே இருக்க, மாடத்தின் வளைவு மெதுவாக இறங்கி வந்து அவர் தலையைத் தொட்டு நின்றது. சூடு ஆறியதும் ராஜவேலே சாரத்தில் ஏறினார். இடுக்கில் நகத்தை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. குதிரையின் வயிற்றிலிருந்த பேரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு இறங்கினார்.

“வெந்துடுச்சுங்க” என்றார் சாமியாரிடம்.

ஞாயிற்றுக்கிழமை ஜனம் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தது. சாமியார் பக்கக் கதவில் குனிந்து வரப் பழகிக்கொண்டார். தாலுகா சர்வேயர் வந்து அளந்து, பழைய அளவை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். ஆடி மாதம் கம்மாபுரத்திலிருந்து இரண்டு வண்டியில் நான்கு பேர் துர்காவைத் தேடி வந்தார்கள். நிலக்கரிச் சுரங்கம் தங்கள் வயல் வரப்புவரை வந்துவிட்டது, அந்தச் சுரங்கத்தை ஒரு தடவை மண் ஸ்கேலால் அளந்து தர முடியுமா என்று கேட்டார்கள். அவள் எத்தனை அடி இருக்கும் என்று விசாரித்தாள். பிறகு சொன்னாள்: “கத்திரி வரட்டும்.”